டோனிங்டனில் ஒரு நாள்: ராக் திருவிழாவுக்கு முதல்முறை போகும் இரண்டு பேருக்கு

மஞ்சள் கொடிக்குக் கீழே சந்திக்கலாம் என்று பேசிவைத்துவிட்டுத்தான் நானும் என் அறைத்தோழனும் பிரிந்தோம். உயரமான கொடி, நடுவில் பெரிய வாத்துப் படம், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்க்கிறேன், கொடி பறந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் மைதானத்தின் மறுகோடியில். அதைத் தூக்கிவந்த ஆள் பர்கர் வாங்கப் போயிருந்தார். கொடிக்குக் கால் உண்டு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அன்று ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அவன் ஒரு வருஷமாகக் காத்திருந்த இசைக்குழு அதற்குள் வாசித்து முடித்துவிட்டுப் போய்விட்டது. ரயிலில் திரும்பும்போது அவன் என்னிடம் பேசவில்லை.

முதல்முறை போகிறவர்கள் எந்த மேடை, எந்தக் குழு, என்ன உடை என்றுதான் கேட்கிறார்கள். அதையெல்லாம் கீழே சொல்கிறேன். ஆனால் நண்பனோடு போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எப்போது பிரிவது, எங்கே திரும்பச் சேர்வது என்பதுதான். நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று நினைக்கிற இரண்டு பேர் சாயங்காலம் நாலு மணிக்குள் சண்டை போட்டிருப்பார்கள்.

நான் சொல்வது டவுன்லோட் திருவிழாவைப் பற்றி. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெஸ்டர்ஷயரில், டோனிங்டன் பார்க் என்ற கார்ப் பந்தயத் திடலில் ஜூன் மாதம் நடக்கிறது. லெஸ்டர், நாட்டிங்கம், டார்பி, கவன்ட்ரி பக்கம் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு இது கூப்பிடு தூரம். கூடாரம் போட்டு நாலைந்து நாள் தங்குகிறவர்கள்தான் அதிகம். ஒரு நாள் டிக்கெட்டும் உண்டு, முதல்முறைக்கு அதுவே போதும்.

அந்த இடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1980 ஆகஸ்டில் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் என்ற ஒருநாள் விழா அங்கே தொடங்கியது, ரெயின்போ குழுதான் அன்று கடைசியாக வாசித்த முக்கியக் குழு. 1996 வரை அது நடந்தது, 2003இல் அதே மண்ணில் டவுன்லோட் வந்தது. அதனால் கூட்டத்தில் இருபது வயசுக்காரர்களோடு அறுபது வயசுக்காரர்களும் சரிசமமாக நிற்பார்கள். "தொண்ணூத்தொண்ணுல ஏசி/டிசி வாசிச்சப்ப நான் இங்கதான் நின்னேன்" என்கிற தாத்தா ஒருவராவது கழிப்பறை வரிசையில் மாட்டுவார். கேளுங்கள், நன்றாகச் சொல்வார்கள்.

டிக்கெட் எடுக்கும் முன்

எந்த நாள் என்பதை ஹெட்லைனரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவு கடைசியாக வாசிக்கும் பெரிய குழுவுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். மீதி ஒன்பது மணி நேரத்தை நிரப்பப் போவது போஸ்டரில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்கள். நீங்களும் நண்பனும் தனித்தனியே உட்கார்ந்து, ஒவ்வொரு நாளிலும் கட்டாயம் பார்க்க வேண்டிய மூன்று குழுக்களை எழுதுங்கள். பிறகு தாள்களைச் சேர்த்துப் பாருங்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு குழுவாவது இருக்கிற நாளை எடுங்கள். ஒன்றுமே பொதுவாக இல்லை என்றால் வேறு நண்பனைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு நாள் டிக்கெட்டே 100 பவுண்டைத் தாண்டும். கார் நிறுத்தக் கட்டணம் தனி. ஒரு நாள் வருகிறவர்களுக்கான கார் நிறுத்துமிடமும் கூடாரக்காரர்களுக்கானதும் வேறு வேறு, தப்பாக எடுத்துவிடாதீர்கள். விற்றுத் தீர்ந்தபிறகு முகநூலில் யாரோ தரும் டிக்கெட்டை வாங்க வேண்டாம். ட்விக்கெட்ஸ் போல, அச்சிட்ட விலைக்கு மேல் விற்க விடாத மறுவிற்பனைத் தளங்கள் இருக்கின்றன. நாள் நெருங்கும்போது அங்கே டிக்கெட் வரத் தொடங்கும், வர முடியாமல் போகிறவர்கள் எப்போதும் உண்டு.

இன்னொன்று, அடையாள அட்டை. மதுக்கடையில் 25 வயதுக்குக் கீழே தெரிகிற எல்லாரிடமும் கேட்பார்கள். சட்டப்படி 18 ஆனால் போதும், ஆனால் நம் முகத்தைப் பார்த்து வயசு சொல்ல அவர்களுக்கு வராது. முப்பது வயது என் தோழனிடம் மூன்று முறை கேட்டார்கள், அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. பாஸ்போர்ட்டைச் சேற்றுக்குள் கொண்டுபோகாதீர்கள். இந்த ஊர் ஓட்டுநர் உரிமம், பழகுநர் உரிமமாக இருந்தாலும் சரி, செல்லும்.

மழையை நம்புங்கள்

ஜூன் மாதம்தானே, கோடைதானே என்று போகக் கூடாது. இந்த விழாவுக்கு ரசிகர்கள் வைத்த செல்லப்பெயரே 'டிரவுன்லோட்', அதாவது மூழ்கடிக்கும் லோட். 2012, 2016, 2019, 2024 எல்லாம் சேற்றுக்குப் பெயர்போன வருஷங்கள். 1993இல் இதே திடலில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் அயர்டன் சென்னா கொட்டும் மழையில் ஜெயித்ததை இன்றும் பேசுவார்கள். அந்த மண்ணுக்கு மழை அப்படி ஒரு சொந்தம்.

ஆனால் வெயில் அடித்தால் அதுவும் மோசம். நிழலே கிடையாது. மாநிறத் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து நானும் ஒரு வருஷம் போனேன், மறுநாள் மூக்குத் தோல் உரிந்தது. சன்ஸ்கிரீன் எடுத்துப் போங்கள். கழுத்துவரை பச்சை குத்திய, பார்த்தாலே ஒதுங்கிப்போகத் தோன்றும் ஒரு பெரிய உருவம், தன் நண்பரின் மொட்டைத் தலைக்கு வட்டம் வட்டமாக சன்ஸ்கிரீன் தடவிவிட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் இருந்த பயம் போனது.

காலுக்கு, மழை என்றால் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், இல்லை என்றால் நன்றாகப் பழகிய நடைக் காலணி. புதுக் காலணி வேண்டவே வேண்டாம், நாள் முழுக்க நிற்கப் போகிறீர்கள். குடை உள்ளே அனுமதி இல்லை, இருந்தாலும் பின்னால் நிற்பவர் சபிப்பார். தலைமூடி வைத்த மழைக்கோட்டு எடுங்கள். இரவில் பத்து டிகிரிவரை இறங்கும், ஒரு ஸ்வெட்டர் இடுப்பில் இருக்கட்டும். காலி தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் உள்ளே இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். பை எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. அளவுக் கட்டுப்பாடு வருஷத்துக்கு வருஷம் மாறும், போகும் வாரத்தில் விழாவின் செயலியில் பாருங்கள். கருப்பு டீ-ஷர்ட் கட்டாயமா என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் போட்டுக்கொண்டு போனால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

இயர்பிளக். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது தொழில்நலத் துறையினர் வைத்திருக்கும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வந்தால் கால் மணி நேரம்தான் மிஞ்சுகிறது. பெரிய மேடைக்கு முன்னால் 100 என்பது சாதாரணம், நீங்கள் நிற்கப் போவதோ பத்து மணி நேரம். இசைக்கென்று செய்த இயர்பிளக் கேட்டு வாங்குங்கள். அது பாட்டை மழுங்கடிக்காமல் மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கும். பஞ்சு உதவாது. வாங்கினால் மட்டும் போதாது, சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

போவதும் சேர்வதும்

காரில் என்றால் எம்1 நெடுஞ்சாலை, ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையம் அருகே இறங்க வேண்டும். கூகுள் மேப்பை அணைத்துவிட்டு, கடைசி சில மைல்களுக்கு விழாவுக்கென்று வைத்திருக்கும் அறிவிப்புப் பலகைகளைப் பின்தொடருங்கள். சாலைகளை மாற்றிவிட்டிருப்பார்கள், மேப்புக்கு அது தெரியாது. ஓட்டுபவர் குடிக்கக் கூடாது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். அவருக்குச் சாப்பாட்டுச் செலவு மற்றவருடையது, எங்கள் ஒப்பந்தம் இதுதான்.

கார் இல்லாதவர்களுக்கு ஸ்கைலிங்க் பஸ் இருக்கிறது. லெஸ்டரிலிருந்தும் டார்பியிலிருந்தும் நாட்டிங்கத்திலிருந்தும் விமான நிலையத்துக்கு ஓடுகிறது, இரவிலும் உண்டு. அங்கிருந்து நடை. லண்டனிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் திரும்பும் ரயிலைப் பற்றி முதலிலேயே யோசிக்க வேண்டும். கடைசிக் குழு முடிய ஏறக்குறைய இரவு 11 மணி ஆகும், அதன்பிறகு லண்டன் ரயில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். லெஸ்டரில் ஒரு நண்பன் வீட்டுத் தரை, அல்லது முன்பதிவு செய்த கோச் பஸ். முதல் பத்தியில் நாங்கள் திரும்பியது, கடைசிக் குழுவைப் பார்க்காமல் ஓடிப்போய்ப் பிடித்த ரயிலில்தான்.

புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா? போகலாம். வாசலில் வெளிச்சாப்பாட்டைப் பற்றி என்ன விதி இருந்தாலும் கவலை இல்லை, கார் நிறுத்துமிடத்துப் புல்லில் உட்கார்ந்து முடித்துவிட்டு நுழையுங்கள். பக்கத்துக் காரில் ஐந்து பேர் காலை பத்தரை மணிக்கே பீர் டப்பாவைத் திறந்திருப்பார்கள். எங்கள் உருளைக்கிழங்கு வறுவலில் பாதி அவர்களுக்குத்தான் போனது. உள்ளே சைவச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் விலையைப் பார்த்து மனதுக்குள் ரூபாயாக மாற்றாதீர்கள், தொண்டையில் இறங்காது. பணமெல்லாம் கார்டில்தான். யார் எதற்குக் கொடுத்தார்கள் என்பதை ஸ்ப்ளிட்வைஸ் என்ற செலவுக் கணக்குச் செயலியில் போட்டுவிடுங்கள், அங்கே நின்று கணக்குப் பேச வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் முதல் அரை மணி நேரம்

பாட்டுக் கேட்க ஓடாதீர்கள். முதலில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று நடங்கள். ஏபெக்ஸ் என்பது பெரிய மேடை, ஓபஸ் இரண்டாவது, அவலாஞ்ச், டாக்டூத் இரண்டும் கூடாரங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். இப்போது ஐந்து நிமிடம் என்றால் சாயங்காலக் கூட்டத்தில் பதினைந்து. முதலுதவி எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, வரிசை குறைவாக இருக்கும் கழிப்பறை எங்கே என்று கண்ணில் குறித்துக்கொள்ளுங்கள். வாசலுக்குப் பக்கத்துக் கழிப்பறைதான் எப்போதும் மோசம். உள்ளே தள்ளிப் போகப் போக நன்றாக இருக்கும்.

அதன்பிறகு சந்திக்கும் இடம். தரையில் நட்டிருக்கிற, நகர முடியாத ஒன்றாக அது இருக்க வேண்டும். மைதானத்தின் நடுவே நிற்கும் ஒலிபெருக்கிக் கோபுரம், அல்லது எண் போட்ட விளக்குக் கம்பம். உணவு வண்டி வேண்டாம், ஒரே மாதிரி நாலு நிற்கும். கொடி வேண்டவே வேண்டாம். 'கோபுரத்தின் அருகே' என்பதும் போதாது, எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். "மேடையைப் பார்த்து நின்றால் இடதுகைப் பக்கம், வேலியைத் தொட்டுக்கொண்டு" என்கிற அளவுக்கு. அந்த இடம் கூட்டத்தில் அடைபட்டால் போவதற்கு இரண்டாவது இடம் ஒன்று, கூட்டத்துக்கு வெளியே.

நேரத்துக்கும் ஒரு விதி வேண்டும். போன் இருக்கிறதே என்பீர்கள். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பும் இடத்தில் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மட்டும் விழும். "எங்கடா இருக்க?" என்ற செய்தி வீட்டுக்கு வந்தபிறகு வந்து சேரும். அதனால், 'நாம் பிரிந்து பார்க்கும் குழு முடிந்த இருபது நிமிடத்தில் முதல் இடம், யாரும் வரவில்லை என்றால் அடுத்த அரை மணியில் இரண்டாவது இடம்' என்று வாயால் சொல்லி, இரண்டு பேரும் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். நண்பனின் எண்ணை முன்கையில் பேனாவால் எழுதிவையுங்கள். போன் அணைந்துபோனால் வேறொருவர் போனில் கூப்பிட வேண்டும், யாருடைய எண்ணும் நமக்கு மனப்பாடமாக இல்லை.

எந்தெந்தக் குழுக்கள் ஒரே நேரத்தில் மோதுகின்றன என்று கிளாஷ்ஃபைண்டர் தளத்தில் முன்பே பார்க்கலாம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், உள்ளே இணையம் இருக்காது. முதலில் எழுதிய மூன்று பெயரில் ஒன்று மோதினால் பேச்சுக்கே இடமில்லை, பிரிந்துவிடுங்கள். என் நண்பன் பார்க்க விரும்பும் குழுவை முகம் சுளித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்று கேட்பது அவனுக்கும் நல்லதில்லை.

கூட்டத்துக்குள்

மேடைக்கு எதிரே திடீரென்று கூட்டம் பின்வாங்கி வட்டமாக ஒரு வெற்றிடம் உருவாகிறது என்றால், அது யாருக்கோ வழிவிட அல்ல. மாஷ் பிட் தொடங்கப் போகிறது. தாளம் இறங்கியதும் உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் மோதித் தள்ளி ஆடுவார்கள். சில சமயம் எல்லாரும் ஒரே திசையில் ஓடுவார்கள். பார்க்க அடிதடி போலத் தெரியும், ஆனால் அதற்குள் ஒழுங்கு உண்டு. யாராவது விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் அந்த நொடியே நின்று, அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் மறுபடி ஆடுவார்கள். ஒருவர் கையை உயர்த்தி ஒற்றைச் செருப்பை ஆட்டிக்கொண்டு நின்றால் அது தொலைந்த செருப்புக்கான அறிவிப்பு. நான் ஒருமுறை மூக்குக்கண்ணாடியை இழந்தேன். ஒரு பெண் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அரைப் பாட்டு நேரம் அசையாமல் நின்றிருந்தார், சுற்றி எல்லாரும் மோதிக்கொண்டிருக்க.

உள்ளே போக விருப்பமில்லை என்றால் வட்டத்தின் விளிம்பில் நிற்காதீர்கள், அங்கேதான் அடி அதிகம். பத்து வரிசை தள்ளிப் பக்கவாட்டில் போங்கள். போக ஆசை என்றால் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கிவையுங்கள், காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சு போடுங்கள், கம்மல், சங்கிலி எல்லாம் கழற்றிவிடுங்கள். கூட்டத்தின் கைகளில் தலைக்கு மேல் மிதந்து வருகிறவர்கள் பின்னாலிருந்து வருவார்கள், அடிக்கடி திரும்பிப் பாருங்கள்.

முன்வரிசைக் கம்பித்தடுப்பு வேறு விஷயம். அங்கே ஆபத்து மோதலில் இல்லை, நெருக்கத்தில். 1988இல் இதே டோனிங்டனில், ஒரு லட்சத்துக்கு மேல் கூடியிருந்த நாளில், கன்ஸ் அண்ட் ரோஸஸ் வாசித்தபோது நெரிசலில் இரண்டு ரசிகர்கள் இறந்தார்கள். அடுத்த வருஷம் விழாவே நடக்கவில்லை. 2000இல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட விழாவில் ஒன்பது பேர். அதற்கெல்லாம் பிறகு தடுப்புகளின் அமைப்பு, காவலர்களின் பயிற்சி எல்லாம் மாறியிருக்கின்றன. ஆனாலும் கையை உயர்த்த இடமில்லாமல் போனால், நீங்கள் நகராமலே உடம்பு நகர்ந்தால், பாட்டு முடியக் காத்திருக்காதீர்கள். எதிர்த்துத் தள்ளாமல், அலை தளரும் இடைவெளியில் சாய்வாகப் பக்கவாட்டில் வெளியேறுங்கள். தடுப்புக்கு அருகில் என்றால் காவலரைப் பார்த்துக் கையசையுங்கள், தூக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நாள் முழுக்க அவர்கள் செய்வதே அதுதான். நண்பன் எங்கே என்று தேடிக்கொண்டு உள்ளேயே நிற்பதுதான் தப்பு. அதற்குத்தான் கோபுரத்தின் இடதுகைப் பக்கம் இருக்கிறது.

ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டும் அந்தக் கொம்பு முத்திரை எல்லாக் கைகளிலும் இருக்கும். கட்டைவிரலை மடக்கிக்கொள்ளுங்கள், நீட்டினால் அது அமெரிக்கச் சைகை மொழியில் 'ஐ லவ் யூ'. இதைப் பிரபலமாக்கிய பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ, தன் இத்தாலியப் பாட்டியிடம் கற்றதாகச் சொன்னார். பாட்டி அதைச் செய்தது கண்ணேறு படாமல் இருக்க. நம் வீட்டில் உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதற்கும் அதற்கும் அதிகத் தூரமில்லை.

ராக் பழக்கமில்லாத நண்பனோடு போகிறீர்கள் என்றால்

ராஜாவையும் ரகுமானையும் தவிர வேறெதுவும் கேட்காத ஒருவனை நான் கூட்டிப்போயிருக்கிறேன். இரண்டு வாரம் முன்பே, அன்று வாசிக்கப்போகும் நாலு குழுக்களின் பாட்டு ஐந்தைந்து அனுப்பினேன். சமீபக் கச்சேரிகளில் எதை வாசித்தார்கள் என்பது செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்தில் இருக்கும், அதிலிருந்து எடுத்தால் குறி தப்பாது. தெரிந்த பாட்டு ஒன்று வந்துவிட்டால் போதும், ஆள் உயிர்பெற்றுவிடுவான். முதல் இரண்டு மணி நேரம் அவனை முன்னால் இழுக்காமல், பெரிய மேடைக்கு எதிரே, கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் உட்காரவைத்தேன். அங்கிருந்து மேடையும் தெரியும், கூட்டமும் தெரியும், தலைக்கு மேல் விமானங்கள் தாழப் பறப்பதும் தெரியும். மூன்றாவது குழுவுக்கு அவனே எழுந்தான். "டேய், அந்த டிரம்ஸ்காரனைக் கிட்டப் போய்ப் பார்க்கணும்டா" என்றான். நான் கூடப் போகவில்லை.

மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்துவரை யாருக்கும் சோர்வு வரும். அந்த நேரத்தில் எதுவும் திட்டமிடாதீர்கள். தண்ணீர் குடித்து, காலணியைக் கழற்றி, கொஞ்ச நேரம் படுங்கள். இல்லையென்றால் தெரியாத பெயருள்ள குழு வாசிக்கும் கூடாரம் ஒன்றுக்குள் நுழையுங்கள். எனக்குப் பிடித்த குழுக்களில் பாதி அப்படிக் கிடைத்தவைதான். ஒன்று, மழைக்கு ஒதுங்கப் போய்க் கிடைத்தது.

ஹெட்லைனருக்கு மட்டும் சேர்ந்து நில்லுங்கள். ஜூனில் அங்கே சூரியன் மறைய ஒன்பதரை ஆகும். கடைசிக் குழு வெளிச்சத்தில் தொடங்கி இருட்டில் முடிக்கும். அந்த மாறுதல் நடக்கும் அரை மணி நேரத்தில் வீடியோ எடுக்காதீர்கள்.

வெளியேறும்போது

இரண்டே வழிதான். கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டிலேயே கிளம்புவது, அல்லது முடிந்தபிறகு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவது. நடுவில் கிளம்புகிறவர்கள் வாசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் எஞ்சினை அணைப்பதும் போடுவதுமாக இருப்பார்கள். காலையில் காரை விட்ட வரிசையின் எண்ணைப் படம் எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருட்டில் அந்த வயலில் எல்லாக் கார்களும் ஒரே நிறம். ஓட்டுபவர் தூங்கி வழிந்தால் கிளம்ப வேண்டாம், ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம். திங்கட்கிழமைக்கு விடுப்பு எடுத்துவிடுங்கள், ஞாயிறு போகிறவர்கள் முக்கியமாக.

காது இரவு முழுக்கக் கொய்யென்று கேட்டால் இயர்பிளக் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். இரண்டு நாளில் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூட்ஸை அன்றே கழுவாதீர்கள். வாசலுக்கு வெளியே வைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்துவிடுங்கள். சேறு காய்ந்ததும் இரண்டையும் தட்டினால் உதிர்ந்துவிடும். ஈரத்தோடு குளியலறையில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்காரரிடம் அதற்கு நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி மாட்டிக்கொண்டோம்.